நிறுத்திவைத்தவரே தொடர வேண்டும்

எனக்கு வாய் நீளம். இதை நான் சொல்லத் தேவையில்லை. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதைக் கெட்டித்தனமாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது அதே வாயால் நடந்ததைச் சொல்லப்போகிறேன். சொல்லாமல் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

என் பெயர் சர்மிலா. ஊர் கல்லடி. பாலம் தாண்டி மட்டக்களப்புப் பட்டணத்தில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில், ஐந்து பேர் வேலை செய்கிற கணினிக் கம்பனி ஒன்றில் மூத்தவள் நான். முதலாளி நல்லரத்தினம் சேர். இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் இருக்கும் ஒரு ஆய்வு நிலையத்தின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அவர்களிடம் பெரிய கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெரிய கணினிக்குள்ளும் நாற்பது, ஐம்பது சின்னக் கணினிகள் ஓடும். கையால் தொட முடியாதவை. ஆனால் ஒவ்வொன்றும் தான்தான் முழுக் கணினி என்று நினைத்துக்கொண்டு ஓடும். மெய்நிகர் இயந்திரம் என்று கடிதத்தில் எழுதுவோம். வாயில் வருவது மிசின்தான். நாடெங்கும் இருக்கிற மாணவர்கள் ஆளுக்கொரு மிசின் எடுத்துத் தங்கள் ஆய்வை அதில் ஓட்டுவார்கள்.

அந்த மிசின்களுக்கு எந்தச் சொல்லால் கட்டளை கொடுப்பது, எந்தச் சொல்லை யார் சொல்லலாம், மிசின் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலை. பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே தட்டட்டும் என்று கொழும்பில் கேட்டார்கள். எட்டுச் சொற்கள் வைத்தோம். உருவாக்கு, தொடங்கு, நிறுத்திவை, தொடர், சேமி, நகர்த்து, மூடு, அழி. எட்டுச் சொல்லுக்கு எட்டு மாதமா என்று என் தம்பி கேட்டுச் சிரித்தான். சொல் வைப்பது லேசு, தம்பி. யார் சொன்னால் கேட்பது என்பதில்தான் மண்டை காயும்.

இந்த வேலையில் என்னோடு இருந்தவன் றிஸான். காத்தான்குடிப் பொடியன்; பொடியன் என்றாலும் முப்பத்துமூன்று வயது, கலியாணம் முடித்தவன். ஆறு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. நான் கத்துவேன், அவன் சிரிப்பான், மறுநாள் காலையில் நான் கத்தியது பிழை என்பதை நோகாமல் எடுத்துக் காட்டுவான். எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் அவன் வராத நாளில் எனக்கு வேலை ஓடாது.

அந்தச் சொற்களோடு எழுதிய விதிகளில் ஏழாவது என்னுடையது. பரீட்சித்துப் பார்த்த காலத்தில் ஒரு கூத்து நடந்தது. ஒரு மாணவன் தன் மிசினை நிறுத்திவைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவன் அது ஏதோ தூங்கிக் கிடக்கிறது என்று நினைத்துத் 'தொடர்' என்று தட்டிவிட்டான். பிரதி பாழ். அப்போதுதான் நான் எழுதினேன்: "நிறுத்திவைத்தவரே தொடர வேண்டும். அவர் நிறுத்திவைத்திருக்கும்வரை வேறு எவருடைய கட்டளையும் அந்த இயந்திரத்தில் செல்லாது."

எங்கள் அப்பா வாவியில் வலை போடுகிறவர். வாவிக்காரரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. ஒருவர் தடி ஊன்றிக் கட்டின வலையை இன்னொருவர் தொடமாட்டார். வலைக்காரர் காய்ச்சலில் படுத்து, மீன் உள்ளேயே செத்து நாறினாலும் தொடமாட்டார். வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார், அவ்வளவுதான். தொட்டால் கள்ளன். நல்ல மனதோடு தொட்டாலும் கள்ளன்தான். அந்த ஒழுங்கால்தான் இத்தனை பேர் ஒரே தண்ணீரில் வெட்டுக்குத்து இல்லாமல் பிழைக்கிறார்கள் என்று கூட்டத்தில் நீட்டி முழக்கினேன். கொழும்புக்காரர்களுக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று.

றிஸானுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, ஒரு ஆள்ட கையில மட்டும் சாவியக் குடுத்தா, அந்த ஆள் இல்லாட்டி என்ன செய்யிற?" என்றான்.

"இல்லாட்டி எண்டா எங்க போற? போன் கையில இரிக்கிதானே. எழுப்பிக் கேட்டா முடிஞ்சிது."

"மாற்று ஆள் எண்டு ரெண்டாவது பேர் ஒண்டப் போட்டு வைப்பம். சும்மா கிடக்கட்டும்."

"ரெண்டு பேர்ட கையில குடுத்த சாவி ஒருத்தர்ட கையிலயும் இல்ல. நீ எனக்கு வாவி படிப்பிக்காத, போ."

"படிப்பிக்கல்ல அக்கா. வாவியில வலக்காரன்ட வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். மிசினுக்கு வீடு எங்க?" என்றான் சிரித்துக்கொண்டு.

இரண்டு நாள் விடாமல் சொன்னான். மாற்று ஆளுக்கான பகுதியைத் தானே எழுதி என் மேசையில் வைத்தான். நான் அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்துத் திருப்பிக் கொடுத்தேன். கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இனித் தக்சிகாவைச் சொல்ல வேண்டும். வெல்லாவெளிப் பிள்ளை, பல்கலைக்கழக மாணவி. அவர்கள் ஊர் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நெல் கதிர் கட்டும் குடலைப் பருவத்துக்கு வந்தால் யானை இறங்கும். இருட்டில் யானை எவ்வளவு கிட்ட வந்தாலும் காலடிச் சத்தம் கேளாது. ஆனால் அது மூச்சு விடுகிற சத்தம், செடி முறிக்கிற சத்தம், அடித்தொண்டையால் உறுமுகிற சத்தம் இருக்கிறது. இந்தப் பிள்ளை நாலு மாதம் வயல் ஓரத்தில் அந்தச் சத்தங்களைப் பதிவு செய்து, யானை வருவதைக் கணினி தானாகக் கேட்டறிந்து காவல் பரணுக்குச் சொல்லும்படி பழக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் மிசின் ஒன்று இருபத்துமூன்று நாளாக இரவு பகலாக அந்த வேலையைச் செய்தது. பதிவுகள் அவளிடம் பத்திரமாக இருந்தன. ஆனால் இருபத்துமூன்று நாளில் மிசின் படித்த படிப்பு முழுக்க மிசினின் நினைவகத்துக்குள்தான் இருந்தது. திங்கட்கிழமை நண்பகலுக்குள் அவள் முடிவை அனுப்ப வேண்டும். அனுப்பினால் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம். அனுப்பாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு.

கொழும்பிலிருந்து ஒரு அறிவித்தல் வந்திருந்தது: ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பெரிய கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்குவார்கள். அதற்குமுன் சேமிக்காத மிசின்களின் நினைவகம் போய்விடும். தக்சிகா பயந்துபோய் வியாழக்கிழமை றிஸானுக்குப் போன் எடுத்தாள். அவன் செய்தது முறையான வேலை. மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மிசினை நிறுத்திவைத்தான். சேமிக்க இடம் போதவில்லை. இரவோடு இடம் ஒதுக்கித் தரும்படி கொழும்புக்கு எழுதிவிட்டு, காலையில் சேமித்துவிட்டுத் தொடருவேன் என்று அவளிடம் சொன்னான். எனக்கும் சொன்னானாம், அலுவலகத்தில் மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. நான் வேறு எதற்கோ யாரையோ ஏசிக்கொண்டிருந்திருப்பேன்.

அன்று இரவு வீட்டுக்குப் போகும் வழியில் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று அவன் மோட்டார் சைக்கிளில் மோதியது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது.

வெள்ளி மத்தியானம் நாங்கள் மையித்து வீட்டுக்கு, அவன் செத்த வீட்டுக்குத்தான், போனோம். நல்லரத்தினம் சேரும் மற்றவர்களும் முற்றத்தில் ஆண்களோடு நின்றார்கள். என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். அறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் றம்லா, அவன் மனைவி. இருபத்தொன்பது வயது. அழுகிற நிலையைத் தாண்டிப்போய் வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவனுடைய போன். அதன் கண்ணாடியில் ஒரு கீறல் கூட இல்லை.

அந்தப் போன் அடித்தது. எங்கள் அலுவலகச் சத்தம், இரண்டு தரம் மணி அடிக்கிற ஒலி. றம்லா திடுக்கிட்டு அதை எடுத்துப் பார்த்தாள். "வேலையால வருது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொல்லித் திரும்ப மடியில் வைத்தாள். அரை மணி கழித்துத் திரும்ப அடித்தது. திரும்பவும் திடுக்கிட்டாள், திரும்பவும் எடுத்துப் பார்த்தாள். அவன் வெளி விறாந்தையில் வெள்ளைத் துணியில் கிடக்கிறான், வேலை அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. செத்த வீட்டில் வானொலி கூடப் போடமாட்டோம். அடுத்த வீட்டுக்காரர் கூட அன்றைக்கு உரல் இடிக்கமாட்டார்.

பயனர் பட்டியல் என் பொறுப்பு. அந்த அறையின் மூலையில் நின்றபடியே என் போனில் பட்டியலைத் திறந்து அவன் பெயரை நீக்கினேன். ஒரு கேள்வி வந்தது. என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும், நான்தான் அதை எழுதியவள்: "இவரது பொறுப்பில் இயந்திரம் உள்ளது. நீக்குவது உறுதியா?" கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. வாசிக்காமல் ஆம் என்று அழுத்தினேன். அதற்குப் பிறகு அந்த மணி ஒலி வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்னால் முடிந்த ஒரு நல்லதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனி காலை எட்டு மணிக்குத் தக்சிகா எடுத்தாள்.

"சர்மிலாக்கா, றிஸான் அண்ணாக்கு நேத்துப் பின்னேரம் தொடக்கம் எடுத்தன், ஆரும் தூக்கல்ல. என்ட மிசின் இன்னும் நிப்பாட்டின மாதிரியே கிடக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா."

அவன் இறந்த செய்தியைச் சொன்னேன். "ஐயோ கடவுளே" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு மிசினைத் திறந்து பார்த்தேன். நிறுத்திவைத்தவர்: றிஸான். தொடர் என்று தட்டினேன். "நிறுத்திவைத்தவர் நீங்கள் அல்ல" என்றது. சேமி என்று தட்டினேன். அதற்கும் அதே பதில். நிறுத்திவைத்தவரின் பெயரைத் தேடினால் அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை. அரை மணிக்கு ஒரு தரம் அவன் போனுக்கு வந்தது என்ன செய்தி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் மிசின் காத்திருக்கிறது, வந்து அவிழ்த்துவிடு என்றுதான் அது கூப்பிட்டிருக்கிறது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

அன்று முழுக்க நான் கட்டின பூட்டை நானே உடைக்கப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தேன், நாசமாய்ப் போக. கொழும்புக்கு எடுத்தேன். கடமையில் இருந்த பொறியியலாளர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் கட்டளைகளைத் தாண்டி மிசினுக்குள் கை வைக்கப் பணிப்பாளரின் எழுத்து வேண்டும், பணிப்பாளர் திங்கட்கிழமைதான் வருவார், ஆறு மணி நிறுத்தத்தை ஒரு மாணவிக்காகத் தள்ளிவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் எழுதித் தந்த விதிதானே என்று கடைசியில் கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார்.

நல்லரத்தினம் சேருக்குச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், பட்டியலில் நீக்கியதையும் சேர்த்து.

"சர்மிலா, இஞ்ச பாருங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் போடத்தானே வேணும். றிஸான் மிசின நிப்பாட்டி வைச்சார், அன்றிரவே விபத்தில காலமாயிற்றார், அதால திறக்க ஏலாமக் கிடக்கு எண்டு எழுதுங்க. பொய் இல்லத்தானே அது."

"நான் நீக்கினது, சேர்?"

"அத ஏன் எழுதுவான்? போன ஆள் திரும்பி வந்து கேக்கப் போறாரா? நாம இரிக்கிற நாலு பேர் பிழைக்கோணும். கொழும்புக்காரன் ஒப்பந்தத்த முறிச்சா மறுகா என்ன செய்யிற?"

அப்படியே எழுதி அனுப்பினேன். வாய் நீளம், வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள், அன்றைக்கு அந்த வாய்க்குள் கொழுக்கட்டை. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு பொய்யும் இல்லை. அதுதான் கேவலம்.

ஞாயிறு மத்தியானம் ஒரு வழி தெரிந்தது. நீக்கப்பட்ட பெயர் ஏழு நாளைக்கு ஒரு பக்கத்தில் கிடக்கும். அவருடைய போனுக்கு ஒரு இலக்கம் அனுப்பி, அதைக் கொடுத்தால் பெயரைத் திரும்ப எடுக்கலாம். திரும்ப எடுத்தால் பழைய பூட்டுக்கு அவனைத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. அதை யாரும் செய்து பார்த்ததில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

றம்லா இத்தாவில் இருந்தாள். புருசன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, அந்நிய ஆண்கள் முன் வரக் கூடாது. "நான் போனா வாசலோட நிக்கோணும். நீங்க பொம்பிள, போங்க" என்றார் சேர். மூன்றாம் நாள் செத்த வீட்டுக்குப் போய் வேலை கேட்கப் போகிறோமே என்று எனக்குக் கால் கூசியது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முந்தி அங்கே இருந்தேன்.

"வாங்க அக்கா, இரிங்க" என்றாள். முகம் சுண்டிக் கருத்திருந்தது. ஒரு பிள்ளையின் மிசினை அவன் நிறுத்திவைத்திருக்கிறான், ஆறு மணிக்குள் திறக்காவிட்டால் அவளுடைய படிப்புப் பாழ், திறக்க அவன் போன் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுந்துபோய்ப் போனைக் கொண்டுவந்து, தானே திறந்து, என் கையில் தந்தாள். அதற்குள் அவனுடைய ஒலிப்பதிவுகள், படங்கள், அவளுக்கு வியாழன் பின்னேரம் அனுப்பிய செய்தி எல்லாம் இருந்தன. நான் எதையும் பார்க்காமல் இலக்கம் வருகிற இடத்தை மட்டும் பார்த்தேன்.

இலக்கம் வந்தது. கொடுத்தேன். பெயர் திரும்பி வந்தது. றிஸான் என்று பட்டியலில் எழுத்துத் தெரிந்ததும் றம்லா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இவரா அக்கா?" என்றாள். ஓம் என்றேன். மணி ஐந்து முப்பத்தெட்டு. அவன் பெயரால் உள்ளே போய்த் தொடர் என்று தட்டினேன்.

"நிறுத்திவைத்தவர் நீங்கள் அல்ல."

திரும்பத் தட்டினேன். மூன்றாம் முறையும் தட்டினேன். சேமி என்றும் தட்டினேன். பெயர் அதே பெயர், போன் அதே போன். ஆனால் போய்த் திரும்பி வந்த ஆளை மிசின் புது ஆளாகத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு தரம் நீக்கியவரின் அடையாளத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியதும் நாங்கள்தான். அதுவும் நல்ல விதிதான். எல்லாமே நல்ல விதிகள்தான், போங்கள்.

கொழும்புக்கு இன்னொரு முறை எடுத்தேன். அந்தப் பொறியியலாளர் மன்னிப்புக் கேட்டார். ஐந்து ஐம்பத்தைந்துக்குத் தக்சிகா எடுத்தாள்; பதில் சொல்லத் தைரியம் இல்லாமல் விட்டுவிட்டேன். ஆறு மணிக்குப் பள்ளிவாசலிலிருந்து யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குப் பட்டியலில் எல்லா மிசினும் மறைந்தன. ஆறு மணி பதினொன்றுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தக்சிகாவின் மிசினும் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் முதலில் எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படி, ஒன்றும் அறியாமல் வெறுமையாக இருந்தது.

"சரி வரல்லயா அக்கா?" என்றாள் றம்லா.

"இல்ல றம்லா. போயிற்று."

அவள் அவனுடைய போனை என் கையிலிருந்து திரும்ப வாங்கினாள். பிறகு கேட்டாள்: "இவர்ட பிழையாலயா போன?"

நான் பேசவில்லை. பேச வேண்டிய இடம் அதுதான். பேசவில்லை.

"அக்கா, ஜனாஸா அடக்கத்துக்கு எடுக்கக்குள்ள எங்கட மூத்த நானா எல்லார்ட்டயும் கேட்டவர். இவரு ஆருக்கும் மனசு நோகப் பண்ணியிருந்தா பொருந்திக்கங்க, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க எண்டு. எல்லாரும் மன்னிச்சம் எண்டு சொன்ன. அந்தப் புள்ள அங்க வரல்லயே. அவக்குத் தெரியாதே. அவ மன்னிக்காம இவர அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான், அக்கா. மனிசர்ர உரிமைய மனிசர்தான் விட்டுக் குடுக்கணும். எனக்கு வெளிய போக ஏலா. நீங்க போன்ல எடுத்துத் தாங்க, நான் கேக்கிறன்."

"இப்ப வேணாம் றம்லா. அந்தப் பிள்ளை இப்ப—"

"இப்பத்தான் வேணும். இவரு கபுறுக்குள்ள தனியக் கிடக்காரு."

என் போனை எடுத்தேன். தக்சிகா உடனே தூக்கினாள். போன் தரையில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், சத்தமாகப் பேசும்படி கிடந்தது.

"அக்கா, மிசின் வந்திருக்கு. உள்ளுக்கு ஒண்டுமில்ல" என்றாள். அழவில்லை. குரல் வறண்டிருந்தது.

"ஓம் தங்கச்சி. ஏலாமப் போயிற்று" என்றேன்.

றம்லா போனுக்குக் கிட்டக் குனிந்தாள். "தங்கச்சி, நான் றிஸான்ட மனுசி கதைக்கிறன். இவர்ட பிழையால ஒங்கட படிப்புக்கு நட்டமாப் போயிற்று. எங்களால அதத் திருப்பித் தர ஏலா. நீங்க மனசார மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்க. அது போதும் எங்களுக்கு."

போன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, தூரத்தில் அவள் வீட்டில் கோழி கேறுகிற சத்தம் வந்தது.

"அக்கா," என்றாள் தக்சிகா கடைசியில், "நீங்க புருசனப் பறிகுடுத்து நிக்கிறீங்க. உங்களோட எனக்குக் கோவமில்ல. ஆனா மனசில இல்லாதத நான் சொல்லமாட்டன். போன வருசம் எங்கட வட்டைக்குள்ள என்ட மாமாவ யானை அடிச்சது. பரணுக்கு ஓடக்குள்ள அடிச்சது. அவர்ட செத்த வீட்டுல இரிந்துதான் அந்த வேலயத் தொடங்கினன். ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு இன்னொரு ஆளுக்குச் சொல்லி வைச்சிட்டுப் போயிருக்கலாம் அந்த அண்ணா. சொல்லல்ல. என்னால மன்னிக்க ஏலா. பொய் சொல்லவும் ஏலா."

றம்லா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். உள்ளுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், வெள்ளிக்கிழமை அத்தனை பேருக்கு நடுவில் வராத சத்தம். தரையில் அப்படியே சரிந்தாள். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று தலையைச் சுவரில் முட்டினாள். நான் அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கையைக் கொடுத்தேன்.

இன்னும் நாலு பேர் பிழைக்க வேண்டும் என்று சேர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. ஒப்பந்தம் நினைவில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாததும் நினைவில் இருந்தது. ஆனால் ஒரு மனிதன் மண்ணுக்குள் போன பிறகும் அவன் தலையில் என் பிழையை ஏற்றி வைத்து, அவன் பெண்சாதி சுவரில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க நான் என்ன பேய்ப்பிறவியா?

"தக்சிகா, போன வைக்காத. கேள்" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் பிழை விடல்ல. அவர் ஒரு பிழையும் விடல்ல. நிப்பாட்டினவர் மட்டும்தான் தொடரலாம் எண்டு விதி எழுதினது நான். மாற்று ஆள் ஒண்டு போடுவம் எண்டு ரெண்டு நாள் கெஞ்சினவர் அவர். கோடு கிழிச்சு எறிஞ்சது நான். உன்ட மிசினச் சேமிச்சுத் தாறன் எண்டு அவர் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர், காதில விழுத்தாம இரிந்தது நான். வெள்ளிக்கிழம இந்த வீட்டுல நிண்டு, போன் அடிக்குது எண்டு அவர்ட பேர அழிச்சதும் நான். அழிக்காட்டி நேத்துக் காலம அவர்ட போனாலயே உன்ட மிசின் திறந்திருக்கும். நீ எடுத்த உடன திறந்திருக்கும். கடிதத்தில அத எழுதாம விட்டதும் நான்தான்."

றம்லா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

தக்சிகா பேசினாள். குரல் இப்போது உடைந்திருந்தது.

"றம்லாக்கா, கேக்கிறீங்களா? அந்த அண்ணாவில எனக்கு ஒண்டுமில்ல. ஒண்டுமே இல்ல. தெரியாமச் சொல்லிப்போட்டன். மன்னிக்கிறதுக்கு ஒண்டுமில்ல அவரில, நீங்கதான் என்னை மன்னிக்கோணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "சர்மிலாக்கா, உங்களோட நான் இனிக் கதைக்கல்ல."

போன் துண்டித்தது.

வெளியே பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நான் றம்லாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசட்டும், தூக்கித் தெருவில் எறியட்டும் என்று மனம் கெஞ்சியது. அடித்திருந்தால் கூட ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

"அப்ப இவர்ட பிழையில்ல" என்றாள். "இவரு வேணாமெண்டுதான் சொன்னவரு, இல்லயா அக்கா?"

"ஓம். ரெண்டு நாள் சொன்னவர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. மூன்று நாளில் முதல் முறையாக அவள் முகத்தில் உயிர் தெரிந்தது. என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க சொல்லாட்டி எனக்கு இது தெரியவே வந்திருக்காது. ஒங்களுக்கு அல்லாஹ் நல்லதச் செய்வான், அக்கா" என்று சொல்லி, என் கையை விடாமல் திரும்பத் திரும்ப நன்றி சொன்னாள்.